புதுப்பிப்பு: பாப்பாவின் இளைப்பு

திங்கட்கிழமை கேட்டிருந்தேனே, எட்டு மாதப் பாப்பாவுக்குச் சளி, மூச்சு வாங்குகிறது, வாடைக்காற்றுதான் காரணமா என்று. எங்கள் ஊரான மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் போய்க் காட்டிவிட்டோம்.

டாக்டர் முதலில் ஸ்டெதஸ்கோப்பையே எடுக்கவில்லை. சட்டையைத் தூக்கிவிட்டு, ஒரு நிமிடம் முழுதாக வயிறு ஏறி இறங்குவதை எண்ணினார்: 56. இந்த வயதில் 50-ஐத் தொட்டாலே வேகமான மூச்சாம். ஒரு வயதுக்கு மேல் 40. நல்லவேளை, மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கவில்லை. கால்விரலில் மாட்டிய கருவியில் ரத்த ஆக்சிஜன் 96 சதவீதம், அதுவும் சரியாகவே இருந்தது.

நுரையீரலின் சிறுகுழாய்களில் வீக்கம், பெரும்பாலும் ஆர்.எஸ்.வி. வைரஸ். மூத்தவனின் சளிதான் ஒட்டியிருக்கும். வைரஸ் என்பதால் ஆன்டிபயாடிக் இல்லை. எக்ஸ்ரே கேட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு, அடிக்கடி தாய்ப்பால், அவ்வளவுதான்.

அத்தை இன்னும் காற்றைத்தான் திட்டுகிறார். இன்று காலை எண்ணினேன், 44.