லைட் என்டர்டெயின்மென்ட்: 'மெல்லரங்கு' என்றால் என்ன குறை?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

எரிக் மோர்கம், எர்னி வைஸ் என்ற பிரிட்டன் தொலைக்காட்சி நகைச்சுவை இரட்டையரைப் பற்றிய கட்டுரையில், பாட்டு, சிரிப்பு, வித்தை எல்லாம் அடங்கிய 'லைட் என்டர்டெயின்மென்ட்' என்ற வகைமைக்குத் தமிழ்ச்சொல் கிடைக்காமல் மாட்டிக்கொண்டு நிற்கிறேன் என்று எழுதியிருந்தேன். மூன்றே நாளில் இத்தனை சொற்கள் வந்து குவியும் என்று நினைக்கவில்லை. நன்றி. இனி சண்டைக்கு வருகிறேன்.

> இலகு கேளிக்கை என்று வைத்துவிடலாமே?

ஈழத்தில் 'இலகு' நன்றாகப் புழங்கும் சொல், எனக்கும் பிடிக்கும். ஆனால் இந்தப் பக்கம் இலகு என்றதும் ஓட்டுநர் உரிமம்தான் கண்முன் வருகிறது: இலகுரக வாகனம். கேளிக்கையோ வரியைக் கையோடு கூட்டிக்கொண்டு வரும். இரண்டும் சேர்ந்தால் ஏதோ அரசு அலுவலக வரிசையில் நிற்கிற உணர்வு.

> பல்சுவை நிகழ்ச்சி இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

இது நியாயமான கேள்வி. பல்சுவை என்பது 'வெரைட்டி'க்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. 1912 முதல் பிரிட்டன் அரச குடும்பத்தார் முன்னிலையில் நடந்துவரும் ராயல் வெரைட்டி நிகழ்ச்சியை அரச பல்சுவை விழா என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் பிபிசியில் லைட் என்டர்டெயின்மென்ட் என்பது ஒரு துறையின் பெயர். அதன் கீழே வெரைட்டி ஒரு பிரிவு, நகைச்சுவை இன்னொரு பிரிவு. தாய்க்கும் மகளுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டுக் கூப்பிட்டால் யார் எழுந்து வருவார்?

'மென்கேளிக்கை' வேண்டாம். மென்பொருளுக்குப் பிறகு 'மென்' என்றாலே கணினி வாடை.

சரி, அந்த 'லைட்' எங்கிருந்து வந்தது? பிபிசி வானொலியில் 1945 முதல் 1967 வரை 'லைட் புரோகிராம்' என்றே ஓர் அலைவரிசை இருந்தது. கனமான உரையும் செவ்விசையும் வேறு அலைவரிசைகளில். பாட்டும் சிரிப்பும் இதில். ஆக, இந்த 'லைட்' தரத்தைச் சொல்லவில்லை, எந்த அறையில் உட்கார வேண்டும் என்பதைச் சொல்கிறது. 'லைட் மியூசிக்'குக்கு நம்மிடம் ஏற்கெனவே மெல்லிசை இருக்கிறது. யாரும் அதைத் தரக்குறைவான இசை என்று படிப்பதில்லை. எனவே முன்பாதி 'மெல்' என்பதில் எனக்குத் தயக்கமில்லை.

பின்பாதிக்கு 'அரங்கு' என்கிறேன். இலக்கணமும் இடிக்காது: மெல் + இசை எப்படியோ அப்படியே மெல் + அரங்கு, மெல்லரங்கு.

ஏன் அரங்கு? இந்தக் கலைஞர்கள் எல்லாரும் மியூசிக் ஹாலின், அதாவது பாட்டும் சிரிப்புமாக ஓடிய பழைய பிரிட்டன் மேடை அரங்குகளின் பேரப்பிள்ளைகள். தொலைக்காட்சிக்கு வந்த பிறகும் திரைச்சீலையை விடவில்லை. 'தி குட் ஓல்ட் டேஸ்' என்ற பிபிசி நிகழ்ச்சி 1953 முதல் 1983 வரை லீட்ஸ் நகரத்தின் சிட்டி வெரைட்டீஸ் அரங்கிலிருந்தே ஒளிபரப்பானது. பார்வையாளர்களே விக்டோரியா காலத்து உடை போட்டுக்கொண்டு வந்து உட்காருவார்கள். தொகுப்பாளர் லெனர்ட் சாக்ஸ் சுத்தியலைத் தட்டித் தட்டி, வாயில் நுழையாத அடுக்குச் சொற்களால் ஒவ்வொருவரையும் அறிமுகம் செய்வார். அவருக்கு ஆங்கிலத்தில் 'சேர்மன்' என்று பெயர். தமிழில் 'தலைவர்' என்று எழுதி அவரைக் கட்சிக்காரர் ஆக்கிவிடாதீர்கள். அவர் நம் கூத்துக் கட்டியங்காரன், அச்சு அசல்.

> 'மெல்' என்றால் சுலபமான வேலை என்று அர்த்தமாகிவிடாதா?

எரிக், எர்னியின் 1971 கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியைப் பாருங்கள். இசைக்குழுவை நடத்துபவர் ஆந்த்ரே பிரெவின், உண்மையான இசைக்குழு, செவ்விசை மேதை கிரீகின் பியானோ கான்செர்ட்டோ. எரிக் பியானோ முன் உட்கார்ந்து எதையோ தட்டுகிறார். எல்லாச் சுரமும் தப்பு என்கிறார் பிரெவின். எரிக் எழுந்து அவர் கோட்டின் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டு, சுரமெல்லாம் சரிதான், வரிசை மட்டும் அப்படியே இருக்கவேண்டும் என்பதில்லை என்கிறார். அந்தப் பிடிக்கும் பேச்சுக்கும் நடுவே ஒரு மௌனம் இருக்கிறதே, அது சுலபமான வேலையா! வித்தையைச் சொதப்பியே சிரிக்கவைத்த டாமி கூப்பரும் அப்படித்தான். மேஜிக் சர்க்கிள் என்ற வித்தைக்காரர் சங்கத்தின் உறுப்பினர். வித்தை தெரிந்தவன்தான் அத்தனை அழகாக வித்தையைச் சொதப்ப முடியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூப்பர் 1984 ஏப்ரலில் லண்டன் ஹெர் மெஜஸ்டிஸ் அரங்கில், நேரலையில், திரைச்சீலை முன்னால் சரிந்து விழுந்தார். அதுவும் நடிப்பு என்று எண்ணிச் சபை சிரித்தது. அவர் பிழைக்கவில்லை. அடுத்த மாதம் எரிக் மோர்கம் ட்யூக்ஸ்பரியில் ஒரு மேடை நிகழ்ச்சியை முடித்து உள்ளே வந்ததும் விழுந்தார். சில மணி நேரத்தில் உயிர் போனது. அரங்கு என்ற சொல்லை நான் விடமாட்டேன் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

> 'ஜெனரேஷன் கேம்' போட்டி நிகழ்ச்சி. அதில் அரங்கு எங்கே?

அது 1971இல் தொகுப்பாளர் புரூஸ் ஃபோர்சைத் தொடங்கிவைத்த பிபிசி நிகழ்ச்சி. எல்லாருக்கும் நினைவிருப்பது நகரும் பட்டையில் வரிசையாகப் போகும் பரிசுப் பொருள்கள், நடுவில் தவறாமல் ஒரு பஞ்சுப் பொம்மை. ஆனால் போட்டியாளர்களை வேடம் கட்டவைத்து ஒரு குட்டி நாடகமும் போடுவார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். ஃபோர்சைத்தே லண்டன் பலேடியம் அரங்கின் ஞாயிறு மாலை நிகழ்ச்சிகளில் பேர் வாங்கியவர்தான்.

'மெல்' என்பது தீங்கற்றது என்ற தோற்றத்தைத் தரும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த அச்சம் எனக்கும் உண்டு. வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு பாடிய 'பிளாக் அண்ட் வைட் மின்ஸ்ட்ரெல் ஷோ'வை பிபிசி 1958 முதல் 1978 வரை இதே வகைமையில்தான் ஓட்டியது. அதைக் கட்டுரையில் நேராக எழுதிவிடுகிறேன். ஒரு சொல்லின் தலையில் அந்தப் பாரத்தை ஏற்ற முடியாது.

மறுப்பு இல்லையென்றால் மெல்லரங்கு, மெல்லரங்கக் கலைஞர், மெல்லரங்கத் துறை என்று போட்டுவிடுகிறேன்.

அப்புறம், சிரிக்கவைப்பவருக்கு இணையாக நின்று பேச்சுக் கொடுக்கும் எர்னி வைஸின் வேலைக்கும் சொல் இல்லை. வில்லுப்பாட்டில் 'ஆமா' போடுகிறவரை முதலில் நினைத்தேன். ஆனால் எர்னி ஆமா போடுவதில்லை, மறுத்து மறுத்தே எரிக்குக்கு அடுத்த வரியை வரவழைப்பார். 'அடியெடுத்துக் கொடுப்பவர்' எப்படி? கொஞ்சம் நீளம்தான். சுருக்கத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.