பிளின்ட்லாக் துப்பாக்கியில் பித்தளை மினுங்குகிறது, மங்க வைப்பது எப்படி?

கேட்டவர்: மேப்பிள்கட்டை

பென்சில்வேனியாவில் இருக்கிறேன். கிறிஸ்துமஸ் முடிந்ததும் தொடங்கும் பிளின்ட்லாக் மான் வேட்டைக்கு முதல்முறையாகப் போகிறேன். கருமருந்தைக் குழல்வாய் வழியே கெட்டித்து, சிக்கிமுக்கிக் கல் பொறியால் சுடும் பழைய மாதிரித் துப்பாக்கி. டிரிக்கர் கார்டு (விசையைச் சுற்றிய வளையம்), தோளில் வைக்கும் மரக்கட்டையின் அடித்தகடு, பேட்ச் பாக்ஸ் (கட்டையில் இருக்கும் சின்னப் பெட்டி) மூடி எல்லாம் பித்தளை. வாங்கியதும் ஊர் வழக்கப்படி புளி போட்டுத் தேய்த்துவிட்டேன், குத்துவிளக்கு மாதிரி மின்னுகிறது. இலையுதிர்ந்த காட்டில் வெயில் பட்டால் தூரத்திலிருந்தே தெரியும்.

கடையில் விற்கும் பித்தளைக் கருப்புத் திரவத்தைத் தடவிப் பார்த்தேன். டிரிக்கர் கார்டில் திட்டுத் திட்டாகப் பிடித்தது. பேட்ச் பாக்ஸ் மூடியில் ஒட்டவே இல்லை. அம்மோனியாப் புகை காட்டலாம் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: கருமருந்து

முதலில் துப்பாக்கி காலியா என்று பாருங்கள். கெட்டிக்கும் கோலை உள்ளே விட்டால் அடிவரை போகிறதா? இதைத் தாண்டித்தான் மற்ற எல்லாமும்.

மூடியில் ஒட்டாததற்கு, அதன் மேல் லாக்கர் என்ற கண்ணுக்குத் தெரியாத பாதுகாப்புப் பூச்சு இருப்பதுதான் காரணமாக இருக்கும். புளியும் அதில் வேலை செய்திருக்காது, புதிதாகவே மின்னியிருக்கும். அதைக் கழற்றி அசிட்டோனால் துடைத்தெடுங்கள். டிரிக்கர் கார்டில் திட்டு விழுந்தது கைப்பிசுக்கால். சோப்புத் தண்ணீர், பிறகு அசிட்டோன், அப்புறம் கையுறை போட்டுத்தான் தொட வேண்டும். அசிட்டோன் கட்டையின் பாலிஷையும் கரைத்துவிடும், அதனால் மரத்தோடு இருக்கும்போது செய்யாதீர்கள். அந்தத் திரவத்தில் பெரும்பாலும் செலினியம் இருக்கும், நஞ்சு. காற்றோட்டமான இடத்தில் வைத்துத் தடவுங்கள்.

பதில்: தகடுவேலை

அம்மோனியா பற்றி நான் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். வார்ப்புப் பாகங்களுக்குச் சிலர் செய்கிறார்கள். தகட்டை அடித்து வளைத்துச் செய்த மூடிக்கு வேண்டவே வேண்டாம். அடித்த பித்தளைக்குள் இழுவிசை தங்கியிருக்கும். அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்தால் அது வெடிப்பு விடும். பிரிட்டிஷ் இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் இப்படித்தான் விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியாதான் காரணம். இந்த விரிசலை இன்றும் 'சீசன் கிராக்கிங்' (பருவகால வெடிப்பு) என்றே சொல்கிறார்கள். துப்பாக்கியின் மேப்பிள் மரக்கட்டையும் அந்தப் புகையில் நிறம் மாறும்.

பதில்: கருமருந்து

சரியாகச் சொன்னீர்கள். எனக்குப் பிடித்த வழி வேறு. கருமருந்தில் சுமார் 75 பங்கு வெடியுப்பு, 15 கரி, 10 கந்தகம். சுட்ட பிறகு குழலைத் துடைக்கும் ஈரத் துணியில் வரும் கறுப்புக் கசடில் கந்தகச் சேர்மங்கள் இருக்கும். அந்தத் துணியாலேயே பித்தளையைத் தேய்த்து, ஓரிரவு விட்டு, மறுநாள் கழுவித் துடையுங்கள். நாலைந்து முறையில் பழம்பித்தளை நிறம் வந்துவிடும், சமமாகவும் இருக்கும். குழலையும் லாக்கையும் (பொறி பறக்க வைக்கும் இயந்திரப் பகுதி) மட்டும் அன்றே கழுவி எண்ணெய் போடுங்கள். அதே கசடு ஈரத்தை இழுத்து இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். பித்தளை ஓரத்து மரத்துக்கு முன்கூட்டியே மெழுகு தடவிவிடுங்கள்.

அவசரம் என்றால், மின்னும் இடத்தில் பளபளப்பில்லாத துணி டேப் சுற்றிக்கொண்டு போங்கள். மான் அதிகம் கவனிப்பது அசைவைத்தான். துப்பாக்கியைத் தூக்கும்போது பித்தளை பளிச்சிட்டால் அந்த அசைவு இரட்டிப்பாகத் தெரியும்.

கேட்டவர்: மேப்பிள்கட்டை

இருவருக்கும் நன்றி அண்ணா. மூடியில் லாக்கர்தான் இருந்தது. அசிட்டோனில் பூச்சு மெல்லிய தோல் மாதிரி உரிந்து வந்தது. அம்மோனியாவை விட்டுவிட்டேன். சனிக்கிழமை சுட்டுப் பழகிவிட்டு அந்தக் கசடுத் துணியால் தேய்த்தேன். மூன்று வாரத்தில் மூன்று முறை. டிரிக்கர் கார்டு இப்போது பழைய செப்புக்குடம் போல் அரக்குப் பழுப்பு. அடித்தகட்டில் தோள் உரசும் இடம் மட்டும் இன்னும் மஞ்சளாக இருக்கிறது, அதையும் தேய்க்கத்தான் வேண்டுமா?

பதில்: கருமருந்து

விட்டுவிடுங்கள் தம்பி. குறி பார்க்கும்போது அது உங்கள் தோளுக்குள் மறைந்துவிடும்.