பேக்லிங்க்: ‘பின்னிணைப்பு’ சரிப்படுமா?

> பேக்லிங்க் = பின்னிணைப்பு என்றே வைத்துவிடலாமே. எளிது, எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். நாம் பெயர் தேடுவது, மற்றக் குறிப்புகளிலிருந்து ஒரு குறிப்புக்கு வந்து சேரும் இணைப்புக்கு. புத்தகத்தின் கடைசியில் அட்டவணையும் வரைபடமும் சேர்ப்போமே, அதற்கல்லவா பின்னிணைப்பு என்று பெயர்? குறிப்பின் அடியில் ‘பின்னிணைப்புகள் 9’ என்று பார்ப்பவர், ஒன்பது கோப்பு சேர்த்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்.

இன்னொரு கோளாறு அந்தப் ‘பின்’னிலேயே இருக்கிறது. அப்சிடியன் என்ற குறிப்பெழுதும் செயலியில் ‘பனை’ என்று ஒரு குறிப்பு வைத்திருக்கிறேன். உள்ளே இரண்டே வரி. போன வாரம் எதற்கோ திறந்தால், அடியில் ஒன்பது குறிப்புகள் வரிசையாக நிற்கின்றன. பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவது, ஓலையைப் பதப்படுத்திச் சுவடியாக்குவது, சந்தையில் கருப்பட்டி விலை... ஒவ்வொன்றும் வெவ்வேறு மாதத்தில் வெவ்வேறு வேலைக்காக எழுதியது. போகிறபோக்கில் [[பனை]] என்று இரட்டை அடைப்பு போட்டு இணைத்ததோடு சரி. எழுத நினைத்திருந்த கட்டுரைக்குப் பாதிச் சரக்கு அங்கேயே கிடைத்தது. இதில் ‘பின்’ எங்கே இருக்கிறது? வருவதுதான் இருக்கிறது.

ஜெர்மன் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் சுமார் 90,000 துண்டுச்சீட்டுகளை எண் போட்டுப் பெட்டிகளில் வைத்திருந்தார். காகிதத்தில் ஒரு சீட்டிலிருந்து இன்னொன்றைச் சுட்டினால், சுட்டப்பட்ட சீட்டுக்கு அது தெரியாது. அங்கேயும் போய்க் கையால் எண்ணை எழுதினால்தான் உண்டு. அந்த இரண்டாவது எழுத்துவேலையைத்தான் மென்பொருள் செய்து தருகிறது.

என் பரிந்துரை: வருதொடுப்பு. வருபுனல் போல வினைத்தொகை, ஒற்று மிகாது.

—

> என் பரிந்துரை: வருதொடுப்பு.

எங்கள் பக்கம் ‘அவருக்கு அங்கே ஒரு தொடுப்பு இருக்கிறது’ என்றால் என்ன பொருள் என்று தெரியும்தானே தம்பி? திரையில் ‘வருதொடுப்புகள் 9’ என்று வந்தால் வீட்டில் விளக்கம் சொல்லி மாளாது.

அப்புறம் ஒரு சந்தேகம். எனக்கு அந்தப் பட்டியல் பெரும்பாலும் காலியாகவே இருக்கிறதே, ஏன்?

—

தொடுப்பைக் கைவிட்டேன் ஐயா. அதற்குப் பதில் இணைப்பைச் சேர்த்தால் ‘வருவிணைப்பு’ ஆகிறது. ஏதோ வினை வரப்போகிறது போலக் காதில் விழுகிறது. ‘வரவிணைப்பு’ எப்படி? வரவு, செலவு என்று கணக்கு எழுதுகிறவர்களுக்கு விளக்கமே வேண்டாம். செலவுக்குப் ‘போதல்’ என்பதே பழைய பொருள் என்பதால் எதிர்த்திசைக்குச் ‘செலவிணைப்பு’ என்றும் வைக்கலாம்தான். ஆனால் அதை அழுத்தினால் பணம் பிடிப்பார்களோ என்று பயப்படுவார்கள். போவதற்கு வெறும் இணைப்பே இருக்கட்டும்.

உங்கள் பட்டியல் காலியாக இருப்பதற்கு வேற்றுமை உருபுதான் காரணமாக இருக்கும். [[பனையில்]] என்று போட்டால் அது ‘பனையில்’ என்ற பெயரில் தனிக் குறிப்பைத் தேடும். [[பனை]]யில் என்று உருபை வெளியே விடுங்கள். அடிச்சொல்லே மாறுகிற இடத்தில் நடுவே ஒரு நிமிர்கோடு போடவேண்டும்: [[மரம்|மரத்தில்]]. இடப்பக்கம் குறிப்பின் பெயர், வலப்பக்கம் படிப்பவர் கண்ணில் படுவது. இது தெரியாமல் முதல் ஆறு மாதம் நான் ‘குளம்’, ‘குளத்தில்’, ‘குளத்து’ என்று மூன்று குறிப்பு வைத்திருந்தேன். மூன்றும் எங்கள் ஊர்க் குளம்தான்.

மொழிபெயர்ப்புத் தாளில் ‘வரவிணைப்பு’ என்று போட்டுப் பக்கத்தில் கேள்விக்குறி வைத்திருக்கிறேன். பட்டியலின் தலைப்புக்குப் புதுச்சொல்லே வேண்டாம் என்று படுகிறது. தமிழ் விக்கிப்பீடியாவின் ‘இப்பக்கத்தை இணைத்தவை’ மாதிரி ‘இக்குறிப்பை இணைத்தவை’ என்றால் போதும். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.