ஊத்தங்கரை வெள்ளத்தில் போன காரும் 'ஃபுல் இன்சூரன்ஸ்' அனுபவங்களும்

கிருஷ்ணகிரியிலிருந்து எழுதுகிறேன். கிரானைட் தொழில். 2022-இல் ஒரு பென்ஸ் கார் வாங்கினேன். ஷோரூம் விலை 68 லட்சம். சாலை வரி அப்போது 15 சதவீதம் என்பதால் அதற்கு மட்டும் 10 லட்சத்து 20 ஆயிரம் கட்டினேன். (இப்போது 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 20 சதவீதம்.) இருபது வருட உழைப்பில் வாங்கிய வண்டி. அதைப் பற்றி எழுதும்போது இன்னும் மனம் கனக்கிறது.

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. ஃபெஞ்சல் புயல் முந்தைய இரவுதான் புதுச்சேரி அருகே கரையைக் கடந்திருந்தது. நாங்கள் மைத்துனர் வீட்டு விசேஷத்துக்காக ஊத்தங்கரை போயிருந்தோம். கடலுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்திருந்த ஊரில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரி நிரம்பி வழிந்து, திருவண்ணாமலை சாலையில் நின்ற வேன்களையும் கார்களையும் அடித்துக்கொண்டு போனதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். மைத்துனர் தெருவில் அந்த இழுப்பு இல்லை. தண்ணீர் அப்படியே தேங்கி நின்றது. விடிந்து பார்த்தால் காரின் ஸ்டியரிங் வரை செம்மண் நீர். வடிந்த பிறகு இருக்கையின் முதுகில் கோடு போட்டதுபோல் ஒரு சேற்றுத் தடம்.

எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர். அவர் வண்டியும் நனைந்திருந்தது. தண்ணீர் முழங்கால் அளவுக்கு இறங்கியதும், மேட்டுக்கு ஏற்றிவிடலாம் என்று பொத்தானை அழுத்தினார். 'டக்' என்று ஒரே சத்தம். அவ்வளவுதான், எஞ்சின் இறுகிவிட்டது. காற்று போகும் வழியில் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கிறது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டனைத் தாங்கும் கம்பி வளைந்துவிட்டது. வெள்ளத்தால் நேர்ந்த சேதம் முழுக் காப்பீட்டில் அடங்கும். ஆனால் நனைந்த வண்டியை இயக்கியதால் எஞ்சினுக்கு வந்த சேதத்தைத் தொடர் சேதம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் அம்சத்தை எடுத்திருந்தால்தான் அதற்குப் பணம் வரும். சாருடைய பாலிசியில் அது இல்லை. வயரிங்குக்கும் இருக்கைகளுக்கும் மட்டும் கொடுத்தார்கள். "ஃபுல் இன்சூரன்ஸ்தானே போட்டேன், தம்பி" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டது என் காதில் இருக்கிறது.

நான் என் வண்டியைத் தொடவில்லை. நான்கு பக்கமும் தண்ணீர் மட்டம் தெரியும்படி படம் எடுத்து, அன்றே நிறுவனத்துக்குத் தகவல் சொன்னேன். இரண்டு நாள் கழித்து லாரியில் ஏற்றி பெங்களூருக்கு அனுப்பினோம். இந்த ரக வண்டிகளில் மின்னணுப் பெட்டிகள் பலவும் இருக்கைக்கு அடியிலும் தரைவிரிப்புக்குக் கீழும்தான் இருக்கின்றன. பணிமனை போட்ட மதிப்பீடு 39 லட்சம்.

இங்கேதான் கணக்கைக் கவனமாகப் பார்க்க வேண்டும். பாலிசியில் வண்டிக்குக் குறித்த மதிப்பு, அதாவது ஐ.டி.வி., ஷோரூம் விலையில் தேய்மானம் போக உள்ள தொகை. இரண்டு வருடம் தாண்டிய வண்டிக்கு 30 சதவீதம் கழிக்கிறார்கள். எனக்கு 47 லட்சத்து 60 ஆயிரம். பழுதுச் செலவு அதில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பு. என் வண்டிக்கு அந்த எல்லை 35 லட்சத்து 70 ஆயிரம். ஆகவே வண்டியை எடுத்துக்கொண்டு ஐ.டி.வி.யைக் கொடுத்தார்கள், கட்டாயப் பிடித்தம் 2,000 ரூபாய் போக. ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இருந்ததால் கடன் பாக்கி முதலில் அங்கே போனது.

'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' என்று ஒரு கூடுதல் அம்சம் உண்டு. வண்டி முழுசாகப் போனாலோ திருடு போனாலோ வாங்கிய விலையையும், பெரும்பாலும் சாலை வரியையும் சேர்த்துத் தருவார்கள். முதல் இரண்டு வருடமும் அதை எடுத்திருந்தேன். மூன்றாம் வருடம் புதுப்பிக்கும்போது, இனிமேல் எதற்கு என்று நானே நீக்கச் சொன்னேன். மிச்சம் பிடித்தது சில ஆயிரம். சாலை வரியோடு சேர்த்து இழந்தது 30 லட்சத்து 60 ஆயிரம். யாரும் என்னை ஏமாற்றவில்லை, அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். பிரீமியம் குறையும் என்று ஐ.டி.வி.யைக் குறைத்துப் போட்டுத் தருவதாகச் சொல்லும் முகவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள்.

*

தர்மபுரியிலிருந்து. அண்ணா, படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எங்களுக்கு நடந்தது தொப்பூர் கணவாயில். சேலம் நோக்கி இறங்கும்போது முன்னால் வாகனங்கள் நின்றன, நாங்களும் நின்றோம். பின்னால் வந்த லாரி நிற்கவில்லை. அது இடித்த வேகத்தில் எங்கள் கார் முன்வண்டியில் போய் மோதி, இரண்டு ஏர்பேக்குகளும் விரிந்தன. பிள்ளைகளுக்குக் காயம் இல்லை, அதுவே போதும்.

முதல் அதிர்ச்சி வண்டியை எடுத்துச் செல்வதில். நாங்கள் வழக்கமாக விடும் பணிமனை பெங்களூரில். லாரிக்காரர் 18,000 கேட்டார். பாலிசியின் அடிப்படை விதிப்படி காரை எடுத்துச் செல்லத் தருவது 1,500 ரூபாய்தான். சாலையோர உதவி எடுத்திருந்தோம், அதற்கும் கிலோமீட்டர் வரம்பு இருந்தது. நம் மாவட்டத்துக்காரர்கள் அந்த வரம்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்தது தேய்மானம். பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி, ஏர்பேக் எல்லாவற்றுக்கும் பாதிப் பணம்தான் தருவார்கள், வண்டி வாங்கி ஒரு மாதமே ஆகியிருந்தாலும். தேய்மானம் பிடிக்காத 'ஜீரோ டெப்' பாலிசி எங்களிடம் இருந்தது. அப்படியும் ஏர்பேக்கில் பாதியைப் பிடித்துவிட்டார்கள். நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதி ஒரு மாதம் காத்திருந்தேன். பதில் இல்லை. காப்பீட்டு நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும், சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்கு எழுதினேன். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரை அவரே தீர்ப்புச் சொல்லலாம். பாலிசியில் ஏர்பேக்குக்கும் தேய்மானம் பிடிக்கக் கூடாது என்ற வாசகம் இருக்கும் பக்கத்தைக் கோடிட்டு இணைத்திருந்தேன். பணம் வந்தது.

*

ஓசூர். நான் வாங்கியது பெங்களூர்ப் பதிவெண் கொண்ட பழைய கார். விற்றவர் ஏழு மாத இன்சூரன்ஸ் பாக்கி இருக்கிறது என்று பாலிசியையும் கையில் கொடுத்தார். நானும் நம்பி ஓட்டினேன். இருபதாம் நாள் சூளகிரி அருகே தடுப்புச் சுவரில் மோதினேன். பாலிசி என் பெயரில் இல்லை என்று ஒரு ரூபாயும் தரவில்லை. வண்டி கைமாறிய 14 நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுதிப் பெயர் மாற்ற வேண்டும். மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு தானாக வரும், நம் வண்டிக்கான பாதுகாப்பு வராது. விற்றவருடைய நோ கிளெய்ம் போனஸும், அதாவது கிளெய்ம் கேட்காத வருடங்களுக்கான பிரீமியம் தள்ளுபடியும், நமக்கு வராது. இந்த எல்லையோரத்தில் இப்படி வாங்குகிறவர்கள் அதிகம் என்பதால் சொல்கிறேன். கிருஷ்ணகிரி அண்ணா, திரும்பக் கார் வாங்கினீர்களா?

*

வாங்கினேன் தம்பி, இதைவிடச் சிறியது. இந்த முறை பாலிசி வந்த அன்றே என் மனைவியும் நானும் உட்கார்ந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தோம். எஞ்சின் பாதுகாப்பு, இன்வாய்ஸ் இரண்டும் இருக்கின்றன. மழைக்காலத்தில் ஊத்தங்கரை போனால் மைத்துனர் தெருவில் நிறுத்துவதில்லை. மேட்டில் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு நடந்து வருகிறோம்.