குட்டியின் பாதத்தைப் பார்த்து நாயின் அளவைச் சொல்லிவிட முடியுமா?

தண்டையார்பேட்டை மாடிவீடு:
எங்கள் தெருவில் திரியும் நாட்டு நாயின் குட்டி ஒன்றை எடுத்து வந்திருக்கிறோம். எட்டு வாரம் ஆகிறது. தாய் செம்பழுப்பு நிறம், உடலோடு ஒட்டிய முடி, நடுத்தர உயரம். தகப்பன் அடுத்த தெருப் பொமரேனியன் என்கிறார்கள். குட்டி பஞ்சுபோல் இருக்கிறது. "சின்ன நாய் என்றால் வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார் வீட்டு உரிமையாளர். எவ்வளவு பெரிதாகும்? இந்தப் புழுக்கத்தில் முடி அடர்ந்துவிட்டால் என்ன செய்வது?

காசிமேட்டுக்காரன்:
பாதத்தைப் பாருங்கள், தங்கையே. பாதம் அகன்று கால் எலும்பு தடித்திருந்தால் பெரிய நாய்தான். முடியும் அப்படியே, இப்போது அடர்ந்திருப்பது பிறகு ஒட்டிப்போகாது. துறைமுகத்தை ஒட்டி நாய்களோடு வளர்ந்தவன் நான். கண் பார்த்தாலே போதும்.

வியாசர்பாடி விலங்கியல்:
ஏற்க முடியவில்லை, அண்ணா. எட்டு வாரத்தில் இருப்பது குட்டி முடி. நான்கு மாதத்தை ஒட்டி அது உதிரத் தொடங்கி, வளர்ந்த நாயின் முடி முளைக்கும். முடியின் நீளத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது எஃப்ஜிஎஃப்5 என்னும் மரபணு. நீள முடி ஒடுங்கு பண்பு. தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். நீளம், சுருள், மீசை-புருவ முடி என்று நாய்களின் முடி வேறுபாடுகளில் பெரும்பகுதி மூன்றே மரபணுக்களில் அடங்கிவிடுகிறது என்று 2009இல் 'சயின்ஸ்' இதழில் ஆய்வு வந்தது. தாய்க்கு ஒட்டிய முடி என்பதால் குட்டிக்கும் அதுவே வர வாய்ப்பு அதிகம். தகப்பன் விஷயத்திலும் உறுதி இல்லை. ஒரே ஈற்றில் வெவ்வேறு தகப்பன்களின் குட்டிகள் பிறப்பதுண்டு.

காசிமேட்டுக்காரன்:
அந்தப் பண்பு தாயிடம் ஒளிந்திருக்காது என்று எப்படிச் சொல்கிறீர்கள், தம்பி? ஆசையாக வாங்கி, அலுத்ததும் தெருவில் விடப்பட்ட பொமரேனியன்கள் வட சென்னையில் கொஞ்சமா? அந்த இரத்தம் தெரு நாய்களில் கலந்து பல தலைமுறை ஆகிவிட்டது. காதுக்குப் பின்னாலும் விரல் இடுக்கிலும் முடி நீண்டு துருத்துகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வியாசர்பாடி விலங்கியல்:
அது நியாயமான வாதம். தாயிடம் ஒளிந்திருந்து, தகப்பன் உண்மையிலேயே நீள முடிக்காரன் என்றால், ஒவ்வொரு குட்டிக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. விரல் இடுக்கு அடையாளமும் பயனுள்ளதே.

பாதக் கணக்கை மட்டும் விடுங்கள். உடல் அளவைப் பல மரபணுக்கள் சேர்ந்து முடிவு செய்கின்றன. அவற்றில் ஐஜிஎஃப்1 முக்கியமானது என்று 2007இல் தெரியவந்தது. அதனால்தான் ஒரே வயிற்றுக் குட்டிகள் இரண்டு அளவில் வளர்கின்றன. வாரந்தோறும் எடை போட்டு எழுதி வையுங்கள். நடுத்தர நாய்களுக்குப் பதினாறாவது வார எடையின் இரு மடங்கு என்பது ஒரு தோராயம். சிறிய நாய்கள் சீக்கிரமே வளர்ந்து முடிவதால் அவற்றுக்கு அதைவிடக் குறையும். குடற்புழு இருந்தால் எடைக் கணக்கே பொய்யாகிவிடும். முதலில் புழு மருந்து கொடுங்கள்.

பெரம்பூர் ரயிலடி:
இருவரும் முடியிலேயே நிற்கிறீர்கள். எனக்குக் கவலை அந்த "சின்ன நாய்" என்ற சொல்லின் மேல்தான். ஊகத்தை நம்பி வாக்குக் கொடுத்து, பத்து மாதத்தில் நாய் உயர்ந்து நின்றதும் வீட்டுக்காரர் முகம் சுளிக்க, அது மறுபடி தெருவுக்குத்தான் போகும். எங்கள் குடியிருப்பைச் சுற்றித் திரிபவற்றில் கழுத்துப்பட்டையின் தடம் மாறாதவையும் உண்டு. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. சகோதரி, தாயின் அளவுக்கு வளரும், கொஞ்சம் மிஞ்சவும் கூடும் என்றே சொல்லி அனுமதி கேளுங்கள். கிடைக்காவிட்டால் குட்டியாக இருக்கும்போதே தனி வீடு உள்ளவரிடம் ஒப்படையுங்கள்.

புழுக்கத்துக்குப் பயந்து மொட்டை மட்டும் அடித்துவிடாதீர்கள். தோல் வெயிலில் பொசுங்கும். தினமும் சீவி அடிமுடியை எடுத்தால் போதும்.

தண்டையார்பேட்டை மாடிவீடு:
நாளை உரிமையாளரை அழைத்துப்போய்த் தாயையே காட்டிவிடுகிறேன். விரல் இடுக்கில் முடி நீண்டிருக்கிறது. காதுக்குப் பின்னால் இல்லை.

காசிமேட்டுக்காரன்:
அப்படியென்றால் நீள முடிதான்.

வியாசர்பாடி விலங்கியல்:
இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் போதாது, அண்ணா. ஆறு மாதமாவது ஆகட்டும்.