டெஸ்ட் பீஸில் 'ரிப்பேர்': தமிழில் என்ன சொல்வது?

மண்டபம், பயிற்சி ஆசிரியர்:
குழுவினர்க்கு வணக்கம். வெல்டர் தகுதித்தேர்வுக் குறிப்பு (தேர்வில் வெல்டர் ஒட்டிக் காட்டும் துண்டுதான் டெஸ்ட் பீஸ்) வெள்ளிக்குள் அச்சுக்குப் போக வேண்டும். போன தடவை "தேர்வுத் துண்டில் குறையைச் சரிசெய்யக் கூடாது" என்று எழுதியிருந்தேன். ஒரு பையன் 6ஜி பைப்பில் (சாய்வாக, சுழலாமல் பொருத்திய பைப்) ரூட், அதாவது அடி வரிசை, போட்டான். நிறுத்தித் தொடங்கிய இடத்தில் மேடு தட்டியிருந்தது. கிரைண்டரைத் தொடாமல் அதன்மேலேயே ஃபில்லிங், அதாவது அடுத்த வரிசைகளை, ஏற்றிவிட்டான். துண்டை வளைத்துப் பார்க்கும் பெண்ட் டெஸ்டில் அந்த இடமே வாய் பிளந்தது, 5 மி.மீ. இருக்கும். 3-க்கு மேல் போனாலே தோல்வி. கேட்டால், "நீங்கதான சார் சரிபண்ணக் கூடாதுன்னு எழுதுனீங்க" என்கிறான். வெல்டிங் நடுவில் தேய்த்துச் சரிசெய்வது, முடிந்தபின் சரிசெய்வது, இரண்டுக்கும் இரண்டு சொல் வேண்டும்.

தொண்டி, ஓய்வுபெற்ற தமிழாசிரியை:
ஐயா, வெல்டிங்குக்கே நம்மிடம் 'ஆசு' இருக்கிறது, உலோகத்தை ஒட்டவைக்கும் பற்று. பற்றாசு என்பதும் அதுதான். ஆசிடை நேரிசை வெண்பாவில் முதற்குறளையும் தனிச்சொல்லையும் ஓரசை ஈரசை வைத்து ஒட்டுகிறோமே, அது தட்டார் பட்டறையிலிருந்து யாப்புக்கு வந்த பெயர். 'மறுவாசு' என்று போடுங்கள்.

கீழக்கரை, வெல்டிங் இன்ஸ்பெக்டர்:
அம்மா, ஆசு என்றால் குற்றமும்தானே? 'ஆசில் ஆசு' என்று ரிப்போர்ட் எழுதினால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ரூட்டில் நின்ற இடத்தைச் சரிவாகத் தேய்ப்பது வெல்டிங்கோடு சேர்ந்த வேலை. சில்லறைக் குறைகளை நடுவில் தேய்த்தெடுக்க வெல்டர் தேர்வுக்கான சர்வதேச விதி ஐஎஸ்ஓ 9606-1 விடுகிறது, தேர்வாளரிடம் கேட்டுக்கொண்டு. எக்ஸ்ரேயில் ஓட்டை தெரிந்தபின் தோண்டி நிரப்பிக் கொண்டுவந்தால் எப்படி? அமெரிக்க விதியான ஏஎஸ்எம்இ 9-ஆம் பிரிவில் உடனடி மறுதேர்வு என்றால், தோற்ற ஒவ்வொரு பொசிஷனுக்கும் (துண்டை வைக்கும் நிலைக்கும்) புதிதாக இரண்டு துண்டு, இரண்டும் தேற வேண்டும். சைட்டில் ஜாயிண்டை ரிப்பேர் செய்துகொள்ளலாம். இங்கே ஆளையல்லவா சோதிக்கிறோம்!

பாம்பன், படகுப் பட்டறை:
எங்க பக்கம் கிழிஞ்ச வலையைப் பொத்துறதுன்னு சொல்வோம். 'டெஸ்ட் பீஸைப் பொத்தாதே'ன்னு எழுதுங்க சார், பயலுவளுக்குப் புரியும்.

தொண்டி:
நல்ல சொல் தம்பி. ஆனால் "பலர்நின்று போற்றினும் பொத்துப் படும்" என்ற 468-ஆம் குறளில் பொத்து என்பதே குறைபாடு. குறைக்கும் ஒட்டுக்கும் ஒரே சொல் என்று என் 'ஆசு'வைத் தள்ளியவர்கள் இதை மட்டும் ஏற்பதா?

கீழக்கரை:
அதோடு, 'பொத்தல் கூடாது' என்று அச்சடித்தால் ஓட்டை விழக்கூடாது என்று படிப்பான். அதுவும் சரிதான் என்பது வேறு விஷயம்.

மண்டபம்:
அச்சகத்திலிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது. நடுவில் செய்வது 'இடைத்தேய்ப்பு'; முடிந்தபின் தோண்டி நிரப்புவது 'ரிப்பேர்', அதற்கு அனுமதி இல்லை. பாம்பன் தம்பியும் கீழக்கரை பாயும் சரி என்றுவிட்டார்கள். அம்மாவுக்கு 'ரிப்பேர்' உறுத்தும், தெரியும்.

தொண்டி:
உறுத்துகிறது. 'தேய்ப்பு' என்றால் இஸ்திரி போடுவதும்தான், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆசை நான் விடவில்லை.