ஓட்டுக் கூரையைப் பழுதுபார்ப்பதா, மாற்றுவதா? கடலோர வீட்டுக்காரர்களின் விவாதம்

கருப்பம்புலத்து மகள்:
வேதாரண்யம் பக்கத்தில் எங்கள் அம்மா வசிக்கும் சீமை ஓட்டு வீட்டின் கூரையை ஐப்பசி மழைக்கு முன்பாகச் சரிசெய்தாக வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது ஒரு பக்கச் சரிவின் ஓடுகளில் பெரும்பகுதி போய்விட்டது. அப்போது கிடைத்த ஓடுகளைப் போட்டு ஒப்பேற்றினோம். சென்ற மழைக்காலக் காற்றில் முகட்டு ஓடுகள் மறுபடியும் பெயர்ந்துவிட்டன. கூரையைத் தாங்கும் சாய்வு மரங்களான கைமரங்கள் சில உளுத்திருப்பதும் தெரிகிறது. வீடு ஏறத்தாழ 900 சதுர அடி. உடைந்த ஓடுகளை மட்டும் மாற்ற 65,000 ரூபாய் என்றும், முழுதும் பிரித்து, ஓடுகளை மாட்டும் குறுக்குச் சட்டங்களான ரீப்பர்களையும் கெட்ட கைமரங்களையும் மாற்றி மீண்டும் வேய 2,10,000 ரூபாய் என்றும், இரும்புச் சட்டத்தில் வண்ணத் தகடு போட 2,60,000 ரூபாய் என்றும் மூன்று மதிப்பீடுகள் வந்துள்ளன. கான்கிரீட் தளமே போட்டுவிடலாம் என்கிறார் அண்ணன். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

தளமே துணை:
உங்கள் அண்ணன் சொல்வதுதான் சரி. கஜா இரவில் எங்கள் தெருவில் ஓட்டு வீட்டுக்காரர்களும் கீற்று வீட்டுக்காரர்களும் தளம் போட்ட வீடுகளில்தான் வந்து தங்கினார்கள். வயதான தாயார் தனியாக இருக்கும் வீட்டில் ஓட்டுக்கு மீண்டும் இரண்டு லட்சம் செலவழிப்பது, அடுத்த புயலுக்கு அந்தப் பணத்தைத் தூக்கிக் கொடுப்பதற்குச் சமம். கடன் வாங்கியாவது ஒரே முறையாக முடித்துவிடுங்கள்.

ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்:
அம்மா, தளத்தைப் பற்றி முடிவெடுக்கும் முன் சுவரைப் பாருங்கள். பழைய ஓட்டு வீடுகள் பலவற்றில் செங்கல்லை மண் சாந்தில் வைத்துக் கட்டிச் சுண்ணாம்புப் பூச்சு கொடுத்திருப்பார்கள். ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. ஓடு அதில் ஆறில் ஒரு பங்கு எடைகூட இல்லை. அந்தச் சுவரின்மேல் தளத்தை ஏற்ற முடியாது என்றால், அடித்தளம் தோண்டித் தூண் எழுப்ப வேண்டும். அப்போது அது கூரைச் செலவாக இருக்காது, புது வீட்டுச் செலவாகிவிடும். உப்பளங்கள் சூழ்ந்த வேதாரண்யத்தில் உவர் நீரில் கான்கிரீட் கலந்தாலோ, கம்பியை மூடும் கான்கிரீட்டுக்குப் போதிய கனம் விடாமல் போனாலோ, கம்பி துருப்பிடித்துத் தளத்தின் அடிப்புறம் பெயர்ந்து விழும் என்பதையும் உங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள்.

அடுத்தது காற்றின் கணக்கு. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 68 கிலோ; சரிவின் ஓரங்களிலும் முகட்டருகிலும் மேல்நோக்கிய உறிஞ்சல் இதைவிடக் கூடுதலாக இருக்கும். ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 15 சீமை ஓடுகள் கிடக்கின்றன. எல்லாம் சேர்ந்து நாற்பது, நாற்பத்தைந்து கிலோதான். எடையை மட்டும் நம்பி அடுக்கி வைத்த ஓடு பறந்தே தீரும். சீமை ஓட்டின் அடியில் ரீப்பரில் மாட்டும் காதில் ஒரு துளை இருப்பதே கம்பியால் கட்டுவதற்காகத்தான். நம் ஊரில் அதை யாரும் கட்டுவதில்லை என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம்.

ஆகவே 65,000 ரூபாய் மதிப்பீட்டை ஒதுக்கிவிடுங்கள். உளுத்த கைமரத்தின்மேல் புது ஓடு போடுவதில் எந்தப் பயனும் இல்லை. இரண்டாவது மதிப்பீட்டை எடுத்துக்கொண்டு, சுவரின்மேல் கிடக்கும் மரத்தைச் சுவரோடு போல்ட்டாலும், கைமரத்தை அந்த மரத்தோடு இரும்புப் பட்டையாலும் இணைக்கவும், கூரையின் தாழ்ந்த விளிம்பான இறவாணத்து வரிசைகளையும் முகட்டை ஒட்டிய வரிசைகளையும் சரிவின் இரு ஓரங்களையும் துத்தநாகம் பூசிய கம்பியால் கட்டவும் எவ்வளவு கூடும் என்று கேளுங்கள்.

திருத்துறைப்பூண்டி பட்டறைக்காரர்:
பொறியாளர் ஐயாவின் காற்றுக் கணக்கை ஏற்கிறேன். அவர் வந்து சேர்ந்த முடிவை ஏற்கவில்லை. நல்ல ஓடு எங்கே கிடைக்கிறது? கேரளத்தின் பெரோக், ஒல்லூர் பகுதிகளில் பல ஓட்டு ஆலைகள் மூடப்பட்டுவிட்டன. இடிக்கும் வீடுகளில் கழற்றிய ஓடுகளைத்தான் இங்கே வாங்கிப் போடுகிறார்கள். அளவு ஒத்துப்போகாததால் பொருத்துவாயில் நீர் இறங்குகிறது. புயலுக்குப் பிறகு அதற்கும் கிராக்கி, ஆளுக்கும் கிராக்கி. நான் தகடு போடும் தொழில் செய்பவன், இதை மறைக்க வேண்டியதில்லை. இரும்புக் குழாய்ச் சட்டத்தில் ரப்பர் வளையமுள்ள திருகாணிகளை முறையாக முடுக்கினால் கரையான் இல்லை, ஆண்டுதோறும் ஓடு மாற்றும் வேலையும் இல்லை.

ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்:
முறையாக முடுக்கினால் என்ற உங்கள் நிபந்தனையில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. தகடு சதுர மீட்டருக்கு ஐந்து கிலோ அளவுதான் இருக்கும். அதைப் பிடித்து வைப்பது திருகாணி மட்டுமே. ஓரங்களில் நெருக்கமாக முடுக்காத தகட்டைக் காற்று ஒரு முனையில் தூக்கினால், தகடு முழுதும் உரிந்து பக்கத்து வீட்டின்மேல் கத்தியைப் போலப் பாயும். ஓட்டுக் கூரையில் போவது பெரும்பாலும் தளர்ந்த ஓடுகள்தான். மறுநாள் தார்ப்பாய் போட்டு மூடிவிடலாம். சித்திரை வெயிலில் தகட்டுக்கு அடியில் ஒரு மூதாட்டி பகல் முழுதும் எப்படி இருப்பார் என்பதையும் நினைக்க வேண்டும். தகட்டுக்கு அடியில் உள்கூரையாக மச்சு அடித்தால் வெப்பம் குறையும், ஆனால் அந்தச் செலவு 2,60,000 ரூபாயில் சேரவில்லை.

திருத்துறைப்பூண்டி பட்டறைக்காரர்:
வெப்பத்தைப் பற்றிச் சொன்னது உண்மை, அதை மறுக்க முடியாது. ஆனால் கம்பி கட்டி ஓடு வேயும் ஆள் இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள்? கட்டச் சொல்லிப் பணம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனால் கட்டாமலே முகட்டை மூடிவிடுவார்கள்.

நாகை வாசகர்:
அரசு நிவாரணத்தை நம்பி எந்தக் கணக்கும் போடாதீர்கள். 2022 முதல் 2026 வரையிலான பேரிடர் நிவாரண விதிகளின்படி, பகுதியாகச் சேதமடைந்த நிரந்தர வீட்டுக்கு, அதுவும் சேதம் 15 சதவீதமாவது இருந்தால்தான், 6,500 ரூபாய் மட்டுமே. கூலிக்கே அது போதாது. 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பொதுவான வீட்டுக் காப்பீட்டில் புயலும் வெள்ளமும் அடங்கும். ஆனால் பழமையால் வந்த தேய்மானத்துக்கு அது ஈடு தராது. உளுத்த கைமரத்தோடு கூரை சரிந்தால் காப்பீட்டு நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் அதைத்தான் முதலில் எழுதுவார். ஆகவே முதலில் மரத்தை மாற்றுங்கள், வேலை முடிந்ததும் நாளோடு புகைப்படங்களும் ரசீதுகளும் எடுத்து வைத்து, பிறகு காப்பீடு எடுங்கள்.

தளமே துணை:
சுவர் தாங்காது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் புயல் இரவில் அம்மா எங்கே இருப்பார் என்ற என் கேள்விக்கு இங்கே யாரும் விடை சொல்லவில்லை. கம்பி கட்டிய ஓட்டின்மேலும் தென்னை விழும். கஜாவில் விழுந்ததைப் பார்த்தவர்கள்தானே நாம் எல்லோரும்.

ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்:
நியாயமான கேள்வி. கொல்லைப்புறத்தில் பழைய சுவரைத் தொடாமல், தனி அடித்தளத்தில் தூணும் தளமும் கொண்ட ஒரு சிறிய அறையும் கழிப்பறையும் கட்டிக்கொள்ளலாம். இப்போது பணம் இல்லையென்றால் அடுத்த ஆண்டு கட்டலாம். வீட்டின்மேல் சாய்ந்து நிற்கும் தென்னையை மட்டும் இந்த ஆண்டே அகற்றிவிடுங்கள்.

கருப்பம்புலத்து மகள்:
எல்லோருக்கும் நன்றி. சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டிப் பார்த்தோம், உள்ளே மண் சாந்துதான் இருக்கிறது. ஓட்டையே முழுதும் பிரித்து வேய்வது என்று அம்மாவும் சொல்லிவிட்டார். இரும்புப் பட்டைக்கும் கம்பிக்கும் சேர்த்து 28,000 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள். தனி அறையைப் பற்றி அண்ணனிடம் பேசி வருகிறேன்.

திருத்துறைப்பூண்டி பட்டறைக்காரர்:
நல்லது, தங்கையே. பாதிப் பணத்தைக் கையில் நிறுத்தி வையுங்கள். முகட்டு ஓட்டுக்குச் சாந்து வைக்கும் முன்பு, அண்ணனை ஏணி போட்டு ஏறி, இறவாணத்து வரிசையில் நாலைந்து ஓடுகளைக் கையால் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று எழும்பி வந்தாலும் அந்த வரிசையை மறுபடி கட்டச் சொல்லிவிட்டுப் பிறகு மீதியைக் கொடுங்கள்.